மலையில் குடியேறப் போகிறீர்களா? மே மாதத்தில் இடம் பார்க்காதீர்கள்

நான் ஒரு மே மாதத்தில்தான் இடம் பார்த்தேன். முதல் தப்பு அதுதான். சென்னை அனலிலிருந்து தப்பி வந்து கோத்தகிரி பக்கம் இறங்கியவனுக்கு எந்த நிலத்தைக் காட்டினாலும் பிடிக்கும். தேயிலைக்கு நடுவே எட்டு சென்ட், எதிரே பள்ளத்தாக்கு, காலுக்குக் கீழே மேகம். அன்றைக்கே 1 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்தேன். நவம்பரில் திரும்பப் போனபோது அந்த நிலத்துக்கு வழியே இல்லை என்று தெரிந்தது. மே மாதம் தரகர் எங்களை நடத்திக் கூட்டிப் போனது பக்கத்துத் தோட்டக்காரரின் தேயிலை வரிசைகளுக்கு நடுவே. அவர் கேட்டைப் பூட்டிவிட்டார். அவருடைய இடம், பூட்டினார். தரகரிடம் எட்டு மாதம் அலைந்து 60,000 வாங்கினேன். மீதி 40,000 போனது போனதுதான்.

அதன் பிறகு ஊட்டிக்குப் பக்கத்தில் ஏழு மாதம் வாடகைக்கு இருந்தோம். அங்கிருந்து இறங்கி கோத்தகிரி பக்கம் வந்து இன்னும் ஒரு வருடம் வாடகை. மூன்றாவது வருடம்தான் நிலம் வாங்கினோம். வீட்டில் நான், மனைவி, பள்ளிக்குப் போகும் பையன், 72 வயது அம்மா. எனக்கு லேப்டாப்பில் கணக்கு பார்க்கும் வேலை, அதனால் பிழைப்புக்குக் கவலை இல்லை. நீங்களும் இப்படி ஒரு குடும்பத்தோடு கிளம்புகிறவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வார இறுதியில் வந்து தங்க ஒரு காட்டேஜ் தேடுகிறவர்களுக்கு இது பயன்படாது.

1. முதலில் உயரத்தை முடிவு செய்யுங்கள்

ஊரைத் தேர்ந்தெடுக்கும் முன் எத்தனை மீட்டர் உயரம் உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும் என்று பாருங்கள். தோராயமாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். ஏலகிரி, கொல்லிமலை, வால்பாறை எல்லாம் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர். ஃபேன் தேவைப்படும், ஆனால் ஏ.சி. வேண்டாம். ஏற்காடு 1,500-ஐ ஒட்டி. கோத்தகிரியும் குன்னூரும் 1,800-ஐத் தாண்டும். கொடைக்கானல் 2,100, ஊட்டி 2,240.

எல்லோரும் ஊட்டி, கொடைக்கானல் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான். டிசம்பர் கடைசியில் காலையில் எழுந்து பார்த்தால் புல்வெளி முழுக்க உறைபனி, உப்பு தூவியது போல. பார்க்க அழகு. அம்மாவுக்கு முழங்கால் மடக்க முடியவில்லை. இன்னொரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பின்னாகவே கொதித்துவிடும். பாத்திரத்தில் வைத்த துவரம்பருப்பு ஒரு மணி நேரம் ஆகியும் நெத்து நெத்தாகக் கிடந்தது. பருப்பில்தான் கோளாறு என்று அம்மா கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். குக்கர் இல்லாமல் அங்கே சமையல் ஆகாது.

வயதானவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், மூட்டுவலிக்காரர்கள் வீட்டில் இருந்தால் 2,000 மீட்டருக்குக் கீழேயே தேடுங்கள். 1,300-லிருந்து 1,900 வரை உள்ள ஊர்கள் வருடம் முழுக்க இருக்கத் தோதானவை என்பது என் அபிப்பிராயம். கொடைக்கானல்தான் வேண்டும் என்பவர்கள் கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கமும் ஒரு நடை போய்ப் பாருங்கள். காப்பித் தோட்டத்து ஊர்கள், சுற்றுலாக் கூட்டமும் குறைவு. யானை வரும் ஊர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2. எந்த மழை என்று கேளுங்கள்

மலை முழுக்க ஒரே மழை இல்லை. கூடலூர், தேவாலா, வால்பாறை பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாமல் அடிக்கும். 2019 ஆகஸ்டில் ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். கோத்தகிரிக்குத் தொட்டபெட்டா மலைத்தொடர் மறைப்பு. தென்மேற்கு மழை அவ்வளவாக எட்டாது. ஆனால் அக்டோபர், நவம்பர் வந்தால் வடகிழக்கு மழை நேராக இந்தப் பக்கத்தில்தான் மோதும். குன்னூரும் அப்படித்தான். 2009 நவம்பரில் நீலகிரியில் மண்சரிவு நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்த வருடம் எந்தச் சரிவு இறங்கியது என்று உள்ளூரில் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். அவர்கள் காட்டும் சரிவில் நிலம் வாங்காதீர்கள்.

ஆக, கூடலூர் பக்கம் என்றால் ஜூலையில் போய்ப் பாருங்கள். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்றால் நவம்பரில். பத்து நாளாவது தங்குங்கள். துவைத்த துணி காய எத்தனை நாள் ஆகிறது, கரண்ட் எத்தனை மணி நேரம் போகிறது, போனில் சிக்னல் நிற்கிறதா, காலை பஸ் வந்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எங்களுக்கு ஒரு ஜீன்ஸ் காய நான்கு நாள் ஆனது. பீரோவில் இருந்த பட்டுப்புடவை மேல் வெள்ளையாகப் பூஞ்சை. இவ்வளவும் பார்த்த பிறகும் ஊர் பிடிக்கிறது என்றால் அது உங்கள் ஊர்.

3. ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள்

இதை மட்டும் தாண்டிக் குதிக்காதீர்கள். வாடகை வீடு கிடைப்பதே சிரமம்தான். நல்ல வீடுகள் பாதிக்கு மேல் ஹோம்ஸ்டே ஆகிவிட்டன. எனக்கு நேர்ந்தது: பிப்ரவரியில் வீடு பிடித்தோம், 11 மாத ஒப்பந்தம். மார்ச் கடைசியில் வீட்டுக்காரர் வந்து, “சீசன் ரெண்டு மாசம் மட்டும் ஊருக்குப் போயிட்டு வந்துடுங்களேன் சார்” என்கிறார். மே மாதத்தில் அவருக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கும் பணம் நாங்கள் மாதத்துக்குக் கொடுப்பதில் பாதி. ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லாததால் தகராறு செய்துதான் இருந்தோம். நீங்கள், “ஏப்ரல், மே உட்பட 11 மாதமும் குடியிருப்போர் வசம்” என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடு பார்க்கும்போது:

சுவரின் கீழ்ப்பகுதியைக் கையால் தடவிப் பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஓதம் மறைக்க அடித்ததாக இருக்கும்.

காலையில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று பாருங்கள். கிழக்குச் சரிவில் உள்ள வீட்டில் எட்டு மணிக்குத் துணி காயப் போடலாம். மேற்குப் பள்ளத்தில் பத்தரை வரை ஈரம் நிற்கும்.

கீசர், ஹீட்டர் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒயரிங் தாங்குமா என்று கேளுங்கள். எஸ்டேட் தொழிலாளர்கள் இருந்த பழைய லைன் வீடுகளைச் சீர்செய்து வாடகைக்கு விட்டிருப்பார்கள்; அவற்றில் தாங்காது.

சாமான் ஏற்றும் லாரி வீட்டு வாசல் வரை வராது. எங்கள் லாரி மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து குட்டி யானை வண்டியில் நான்கு நடை. லாரிக்காரரிடம் பேசும்போதே இதையும் சேர்த்துப் பேசுங்கள், இல்லையென்றால் சாலையோரத்தில் மழையில் மெத்தையை வைத்துக்கொண்டு விலை பேச வேண்டிவரும். பெரிய மரச் சாமான்களை விற்றுவிட்டே வாருங்கள். பிளைவுட் பீரோ இரண்டாவது மழைக்கு உப்பிவிடும்.

4. கிலோமீட்டரை விடுங்கள், நேரத்தைக் கேளுங்கள்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர்தான். ஆனால் மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மழையில் மரம் விழுந்தால் அரை நாள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. நெஞ்சுவலிக்காரரை ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வளைவுகளில் இறக்கிக்கொண்டு போவதை ஒருமுறை கற்பனை செய்து பாருங்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு நீலகிரியில் நிலைமை தேவலை. மற்ற மலைகளில் பெரிய சிகிச்சை என்றால் பெரும்பாலும் கீழேதான். வாங்கப்போகும் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒருமுறை இருட்டிய பிறகு வண்டி ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீரை மார்ச்சில் பாருங்கள். மழை கொட்டும் ஊரில் என்ன தண்ணீர்ப் பஞ்சம் என்று தோன்றும். பெய்ததெல்லாம் ஓடிவிடும். பிப்ரவரி முதல் மே வரை ஊற்று சுண்டிவிடும், பஞ்சாயத்துக் குழாயில் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். “ஓடைத் தண்ணீர் இருக்கு சார்” என்று காட்டுவார்கள். ஓடை யார் நிலத்தில் ஆரம்பிக்கிறது, குழாய் யார் நிலம் வழியாக வருகிறது என்று கேளுங்கள். போர் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மலைப்பகுதியில் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. அனுமதி கிடைக்குமா என்று முன்பே விசாரியுங்கள்.

பள்ளிக்கூடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் பெற்ற போர்டிங் பள்ளிகள் எல்லா மலையிலும் உண்டு, கட்டணம் அதற்கேற்ப. சாதாரணப் பள்ளி வேண்டும் என்றால் டவுனிலிருந்து பஸ் வரும் தூரத்தில் வீடு பாருங்கள்.

5. காகிதங்கள்

இங்கேதான் ஆட்கள் மாட்டுகிறார்கள். சமவெளியில் நிலம் வாங்கிய அனுபவம் இங்கே பாதிக்குத்தான் உதவும்.

முதலில் வழக்கமானவை. தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ-பதிவேடு (கிராமத்து நிலங்களின் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்). வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம், பட்டாவையும் அ-பதிவேட்டையும் வருவாய்த்துறை இணையதளத்தில் பார்க்கலாம். தரகர் தரும் நகலை நம்பாமல் சர்வே எண்ணை வாங்கி நீங்களே எடுங்கள். புலப்படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிலத்துக்குப் போங்கள். நான் முதல் தடவை அதைச் செய்திருந்தால் வழி இல்லை என்பது பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். படத்தில் வண்டிப்பாதை என்று கோடு இல்லையா? அப்போது பக்கத்து நிலக்காரர் வழிப் பாத்தியதையைப் பத்திரத்திலேயே எழுதித் தந்தால் ஒழிய வாங்காதீர்கள். வாய்வார்த்தை அவர் மகன் காலத்தில் நிற்காது.

அப்புறம் மலைக்கே உரியவை.

பட்டாவில் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். அரசு ஒப்படை செய்த நிலம் என்றால் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம். பழங்குடியினருக்குக் கொடுத்த நிலம், தலித் மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் இரண்டையும் தொடவே தொடாதீர்கள். கொல்லிமலை, ஜவ்வாது மலைப் பக்கம் விலை மலிவாகச் சொன்னால் முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். அந்த நிலம் யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அவர்களிடமே இருக்கட்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் “செக்‌ஷன் 17” என்ற சொல் காதில் விழுந்தால் திரும்பி வந்துவிடுங்கள். 1969-ஆம் வருடத்து ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்கள் அவை. தலைமுறையாகக் குடியிருக்கிறவர்களுக்கே பட்டா இல்லை, பல வீடுகளுக்கு மின் இணைப்பு இல்லை. புதிதாகப் போகிறவர் அங்கே என்ன செய்ய முடியும்?

மசினகுடி, சீகூர் பக்கம் யானை வழித்தடம். 2010-இல் அரசு அறிவித்தது, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சீல் வைத்த ரிசார்ட்டுகளை இன்றைக்கும் சிலர் “சீக்கிரம் க்ளியர் ஆகிவிடும்” என்று விலை பேசுவார்கள்.

தனியார் காடு என்று ஒரு வகை உண்டு. நிலம் தனியாருடையதாகவே இருக்கும், ஆனால் 1949-ஆம் வருடத்துச் சட்டப்படி காடு என்று அறிவித்திருந்தால் விற்கவும் மரம் வெட்டவும் கலெக்டரின் தலைமையிலான குழுவின் அனுமதி வேண்டும். நிலத்தில் சோலை மரங்கள் அடர்ந்திருந்தால், “என்ன பசுமை!” என்று வியப்பதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

கடைசியாக, வாங்குவது ஒன்று, கட்டுவது வேறு. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் உள்ள கிராமம் என்றால், எல்லோரும் ‘ஹாகா’ என்று சொல்லும் அந்த அனுமதி இல்லாமல் ஒரு கல் வைக்க முடியாது. அதற்கு வனம், வேளாண்மை, புவியியல், கனிமவளம் என்று பல துறைகளின் தடையின்மைச் சான்று வேண்டியிருக்கும். ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். எங்களுக்கு மட்டும் ஒன்பது மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் ஒரு அலுவலகத்தில் கோப்பு மேஜை மாறாமல் கிடந்தது. வாரம் ஒருமுறை நேரில் போனால் நகர்கிறது, போன் போட்டால் நகர்வதில்லை. அனுமதி வாங்காமல் கட்டி முடித்து அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று கட்டட மேஸ்திரியே யோசனை சொல்வார். 2019-இல் கொடைக்கானலில் நீதிமன்ற உத்தரவுப்படி வரிசையாகக் கட்டடங்களுக்குப் பூட்டுப் போட்டதை அவரிடம் ஞாபகப்படுத்துங்கள்.

மனைப் பிரிவாகப் பிரித்து விற்கும் இடம் என்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானதா, இல்லை அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். பழைய எஸ்டேட்டைத் துண்டு போட்டு “ஃபார்ம் பிளாட்” என்று விற்பவர்களிடம் இன்னும் உஷார். எஸ்டேட்டுகள் நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்றவை. தோட்டமாக இருக்கும் வரைதான் அந்த விலக்கு.

இவ்வளவையும் பார்க்க வக்கீல் வையுங்கள். அவர் அந்த மலையிலேயே தொழில் செய்கிறவராக இருக்கட்டும். தரகர் கைகாட்டும் வக்கீல் வேண்டாம். நான் 15,000 கொடுத்தேன், அதைச் செலவாகவே நினைக்கவில்லை.

6. செலவுக் கணக்கு

கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் நிலத்துக்கு 1,80,000 இதற்கே போகும். பெண் பெயரில் 10 லட்சத்துக்குள் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை உண்டு. முழு சர்வே எண்ணை அப்படியே வாங்கினால் பட்டா பதிவோடு சேர்ந்து மாறும். உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளந்து கல் நட்ட பிறகுதான். எங்களுக்கு நான்கு மாதம்.

வீடு கட்டும் செலவுக்குக் கீழே கேட்ட விலையோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். மணலும் கம்பியும் மலை ஏறி வர வேண்டும், கடைசி 200 மீட்டர் தலைச்சுமை. சரிவான நிலம் என்றால் வீட்டுக்கு முன் தாங்குசுவர். எங்கள் தாங்குசுவருக்கு மட்டும் 4 லட்சம் ஆனது. நிலம் மலிவாகக் கிடைத்த சந்தோஷம் அதோடு தீர்ந்தது. பொக்லைன் இறக்கி மண் வெட்டவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதால் மூன்று மாடிக் கனவை மூட்டை கட்டிவிடுங்கள். வேலை நடப்பது டிசம்பர் கடைசியிலிருந்து மே வரைதான். பூஜை போடும் தேதியை அதற்கேற்ப வையுங்கள்.

7. வந்த முதல் மாதம்

வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, அதை வைத்து ஆதாரில் முகவரி மாற்றுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்: ரேஷன் அட்டை, கேஸ், வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8.

வண்டியை மறக்காதீர்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். டி.என். 43 என்று நீலகிரிப் பதிவெண் இருந்தால் தேவையில்லை. எங்கள் காரோ சென்னைப் பதிவு. முகவரி மாற்றும் வரை, கோயமுத்தூர் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் சுற்றுலாப் பயணி போல சோதனைச் சாவடியில் பாஸ் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளூரில் குடியிருக்கும் சான்றோடு விண்ணப்பித்தால் தனிப் பாஸ் தருகிறார்கள். முதல் வாரமே வாங்கிவிடுங்கள்.

பிளாஸ்டிக் பாட்டில், பை எதுவும் கொண்டுவராதீர்கள். அபராதம் உண்டு.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பழகுங்கள். கோத்தகிரியில் சுற்றிலும் ஹட்டிகள்தான், அதாவது நீலகிரியின் படுகர் மக்களுடைய ஊர்கள். ஹட்டியில் சாவு என்றால் அன்றைக்கு உங்கள் வீட்டு வேலைக்கு யாரும் வரமாட்டார்கள். சம்பளம் பிடிக்கிற வேலையெல்லாம் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்களும் போய்த் தலைகாட்டிவிட்டு வாருங்கள். எங்கள் தண்ணீர்க் குழாய் தன் தோட்டம் வழியாக வர ஒருவர் சம்மதித்தது அப்படி ஒரு நாளுக்குப் பிறகுதான்.

சாப்பாட்டு மிச்சத்தை ராத்திரி வெளியே வைக்காதீர்கள், கரடி வரும். சமையலறை ஜன்னலுக்கு வலை போதாது, கம்பி போடுங்கள். மாலை ஆறரைக்கு மேல் டார்ச் இல்லாமல் கேட்டைத் திறக்காதீர்கள். எங்கள் கேட்டுக்கு வெளியே மூடுபனியில் கருப்பாக ஒன்று நின்றது, ஆட்டோ என்று நினைத்து “கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டேன். காட்டுமாடு. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி வேலியோரப் புல்லைத் தின்ன ஆரம்பித்தது.